விக்கல் விழுந்த கும்மி

அத்தியாயம் 4

"அழுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிரு தாயி. பரமக்குடியில அந்தப் பையன் சுதி விலகிப் பாடுனானா, இல்லையா?"

எதிரே உட்கார்ந்திருந்த பிரெசில்லா மூக்கை உறிஞ்சினாள். "விலகித்தான் பாடுனாரு மேடம்."

"அப்புறம் எதுக்கு மன்னிப்பு?"

"நான் அதை வெளிய சொல்லிட்டேனே!"

அமுதவள்ளி ஒரு நிலக்கடலையை உடைத்து, தோலை ஊதினாள். தோல் பறந்துபோய் முஹைதீனின் சட்டையில் விழுந்தது.

ராமநாதபுரம் கேணிக்கரையில், மருந்துக்கடை மாடியில் இருந்தது அமுதா துப்பறியும் நிலையம். வளைகுடாவிலிருந்து வரும் மாப்பிள்ளைகளுக்கு அங்கே வேறு குடும்பம் உண்டா என்று பார்த்துச் சொல்வதுதான் அதன் அன்றாடத் தொழில். அதற்கு முதலாளி அமுதவள்ளி. மற்ற பதவிகள் அனைத்தும் கீழக்கரை முஹைதீனுக்கு. கார் ஓட்டுவான், போட்டோ எடுப்பான், கேட்காமலே கருத்தும் சொல்வான். இன்றைக்கு அவன் வாய் வழக்கத்தைவிட அடங்கியிருந்தது. காரணம், வழக்கு அவன் நெஞ்சுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது.

'உப்பங்காத்து' என்கிற பாட்டுக் குழுவைத் தெரியாத இளவட்டம் அந்தக் கரையில் கிடையாது. பாடுகிறவன் பாம்பன் இமானுவேல். டிரம்ஸ் அடிப்பதும் பாட்டு எழுதுவதும் சென்னையில் வளர்ந்த அருள்முருகன். ஊர் ஊராய்ச் சுற்றுப்பயணம் போட்டார்கள். பரமக்குடி முடிந்தது. கீழக்கரை, ராமநாதபுரம், தங்கச்சிமடம் பாக்கி. திடீரென்று ஒருநாள் 'தவிர்க்க முடியாத காரணத்தால் நிகழ்ச்சிகள் இல்லை' என்று ஒரே ஒரு வரி. அதோடு எல்லார் போனும் அணைந்துவிட்டது.

சும்மா இருப்பார்களா ரசிகர்கள்? கீழக்கரைப் பிள்ளைகள், குழு திரும்பி வரும்வரை பிரியாணி தொடமாட்டோம் என்று சபதம் எடுத்தார்கள். நடுவில் ஒரு நிக்காஹ் வந்ததால் சபதம் அந்த ஒரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. ராமநாதபுரத்துப் பையன்கள் பூட்டிய அரங்க வாசலில் செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அஞ்சலி மாதிரி நின்றார்கள். அந்த வழியாகப் போன ஒருவர், "யாரப்பா தவறுனது?" என்று கேட்டுவிட்டுத் தானும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அபிராமத்தில் ஒருவன் கோபத்தில் குழுவின் டி-சட்டையை எரிக்கப் போனவன், துணி நல்ல துணி என்று தோன்றவே உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு திரிந்தான்.

கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். அவள்தான் பிரெசில்லா.

"ரசிகர் குரூப்ப ஆரம்பிச்சதே நான்தான் மேடம். தங்கச்சிமடம் கோயில் பாடற்குழுவுக்கும் நான்தான் பொறுப்பு. இமானுவேல் பரமக்குடியில மேல்ஸ்தாயி போறப்ப வழுக்குனாரு. சிரிப்பா ஒரு வீடியோ போட்டேன், 'படகு தரை தட்டிருச்சு அண்ணே'ன்னு. மறுநாளே நிகழ்ச்சி எல்லாம் ரத்து. என் சொல்லு அவரு மனச ஒடச்சிருச்சாம். பாடற்குழுப் பிள்ளைக ஒண்ணும் வர்றதில்ல. போன ஞாயிறு பூசையில நான் ஒத்தையில பாடுனேன். ஆர்மோனியமும் நானும்தான்."

"இப்ப?"

"இன்னிக்குச் சாயங்காலம் இங்கன திடல்ல எல்லாக் குரூப்பும் கூடுறாங்க. நான் மேடையேறி, அவரு சுதி விலகல, என் காதுதான் கோளாறுன்னு சொல்லணும். சொன்னா சேத்துக்கிருவாங்களாம்."

"சொல்லுவியா?"

"சொல்லலேன்னா வர்ற ஞாயிறும் நான் ஒத்தைதான். சொன்னா, பிள்ளைகளுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் சுதி சொல்லிக் குடுக்குறது?"

அமுதவள்ளி கடலையைக் கீழே வைத்தாள். அது பெரிய விஷயம் என்று முஹைதீனுக்குத் தெரியும்.

"ஏலே முஹைதீனு, நீ என்ன நெனக்கிற?"

"நான் நடுநிலை மேடம்."

"நடுநிலைக்காரன் எதுக்குச் சட்டைக்கு உள்ள அவுக பனியனப் போட்டிருக்க? கழுத்துல எழுத்து தெரியுது."

முஹைதீன் பொத்தானை மேலே வரைக்கும் போட்டான். உள்ளே 'கயித்த அறு' என்று சிவப்பில் எழுதியிருந்தது. குழுவின் புகழ்பெற்ற பாட்டு அது. மந்திரித்த கயிறு, தாயத்து, மஞ்சள் துணி எல்லாவற்றையும் கிழிகிழி என்று கிழிக்கும். அருள்முருகன் எழுதியது.

"அவுக கடைசியாப் போட்ட படத்தக் காட்டு."

காட்டினான். ஏதோ ஒரு டீக்கடை வாசல், வெயில், கையில் டம்ளரோடு குழுவினர். இந்தப் படத்தை ரசிகர்கள் ஜாதகம் பார்ப்பதுபோலப் பார்த்து முடித்திருந்தார்கள். "இமானுவேல் கண்ணு வீங்கியிருக்கு, அழுதிருக்காரு. அருள்முருகன் ஒரு கைய முதுகுக்குப் பின்னாடி வச்சிருக்காரு, அவங்களுக்குள்ள சண்டை. இதுதான் மேடம் இப்போதைக்கு ஆராய்ச்சி முடிவு."

"எல்லாரும் மூஞ்சியவே பாத்திருக்கீக. காலப் பாரு."

பார்த்தான். ஒருவர் காலிலும் செருப்பு இல்லை.

"செருப்புத் திருடனா மேடம்?"

"டீ ஆத்துறவரு காலையும் பாரு. அங்கிட்டு சைக்கிள்ல போறவரையும் பாரு. ஊரே வெறுங்காலு. சாமிக்குக் காப்புக் கட்டுன ஊருடா அது. எல்லைக்குள்ள செருப்பு ஆகாது."

"அப்ப கண்டுபிடிச்சாச்சு!"

"என்னத்தக் கண்டுபிடிச்ச? இது முளைக்கொட்டு மாசம், ஊருக்கு ஊரு முளைப்பாரித் திருவிழா. இந்த ஜில்லாவுல பாதி ஊரு வெறுங்காலோடதான் நடக்குது." அவள் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். "என் நாத்தனா. வேலை நேரத்துல கும்மி வீடியோவா அனுப்பிக்கிட்டு இருப்பா. சிக்கல் ஊருக்கு அங்கிட்டு கொக்கனேந்தல்ல வாக்கப்பட்டவ. கேட்டியா, இந்த வருசம் கொட்டே புதுசா இருக்குன்னு ஒரே பெருமை."

வீடியோவில் பெண்கள் வட்டமாய்க் குனிந்து நிமிர்ந்து கும்மி அடித்தார்கள். மாரியம்மன் மேல் பாட்டு. பின்னால் எங்கிருந்தோ கொட்டுச் சத்தம்.

அமுதவள்ளி அணைக்கப் போனாள். முஹைதீன் அவள் கையையே பிடித்துவிட்டான்.

"திருப்பிப் போடுங்க மேடம்."

ரெண்டு தட்டு. நடுவே மூச்சு தடுக்கினாற்போல ஒரு சின்ன நிறுத்தம். பிறகு ஒரே ஓட்டம். மறுபடி ரெண்டு தட்டு.

"விக்கல் அடி!" என்று பிரெசில்லாவும் முஹைதீனும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"என்ன எழவு அடி?"

"அருள்முருகனோட அடி மேடம். ரசிகருங்க வச்ச பேரு. உலகத்துல வேற யாருக்கும் அந்த இடத்துல விக்காது. அல்லாவே... இது 'கயித்த அறு' பாட்டோட அடி. அதுக்குத்தான் இந்த அக்காமாரு மாரியம்மனப் பாடுறாக!"

ரசிகர்கள் கொச்சியில் தேடினார்கள், கொழும்பில் தேடினார்கள். ஒருவரும் அத்தைமார்களின் கும்மி வீடியோவில் தேடவில்லை.

"வண்டிய எடு," என்றாள் அமுதவள்ளி.

கார் சிக்கலைத் தாண்டுவதற்குள் அவள் வழக்கையே முடித்துவிட்டாள். "காப்புக் கட்டுனவுக, திருவிழா முடிஞ்சு முளைப்பாரி தண்ணியில கரையிற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது. எவனோ ஒருத்தன் கையில காப்பு ஏறியிருக்கு. யாரு கையிலன்னு சொல்லட்டா? இமானுவேல். பிரெசில்லா, அவன் அம்மா எப்படி?"

"பாம்பன் கோயில்ல ஜெபமாலைக் கூட்டத்துக்கே அவுகதான் தலைவி மேடம்."

"பாத்தியா! மகன் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கான்னு தெரிஞ்சா அந்தம்மா என்ன செய்யும்? அதான் காரணம் சொல்லாம போன அணைச்சு வச்சிருக்கான்."

"மேடம், நீங்க துபாய் போலீசுல இருக்க வேண்டிய ஆளு," என்றான் முஹைதீன்.

"ரோட்டப் பாரு."

கொக்கனேந்தல் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதன் கீழே ஊருக்கு வந்தவர்களின் செருப்புகள் குவிந்து கிடந்தன. மூவரும் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தார்கள். வெயிலில் காய்ந்த மண்ணில் முஹைதீன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ரெண்டு ஆடுகள் மேய்வதை நிறுத்தின.

கோயில் முன்னால் சின்னப் பெண்களுக்குக் கும்மி பழக்கிக்கொண்டிருந்தாள் ஒரு பெரிய உருவம். பூசாரியின் மனைவி முருகம்மாள். இடுப்பில் கை வைத்து வழியை மறித்தாள்.

"யாரு நீங்க? எங்கன வந்தீக?"

பாட்டுக்காரர்களைக் கேட்டால் இந்த ஊரே 'தெரியாது' என்று சொல்லும் என்பது முஹைதீனுக்கு அந்த இடுப்பைப் பார்த்தபோதே புரிந்தது. அமுதவள்ளி கேட்கவே இல்லை. கோயிலுக்குப் பின்னாலிருந்து வந்த கொட்டுச் சத்தத்துக்குத் தலையைச் சாய்த்தாள்.

"சும்மா கும்மி பாக்கத்தான் வந்தோம் மதினி. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கொட்டு அடிக்கிறவருக்குத்தான் வயசாயிருச்சு போல. கை இழுக்குது."

கொட்டு சட்டென்று நின்றது.

"யாருக்குக் கை இழுக்குது?" கோயிலுக்குப் பின்னாலிருந்து சென்னைக் குரல் ஒன்று சீறிக்கொண்டு வந்தது. "யாருங்க சொன்னது? எந்த இடத்துல இழுக்குதுன்னு காட்டுங்க பாப்போம்!"

மஞ்சள் வேட்டி, வெறும் மேல், நெற்றி நிறைய விபூதி. அருள்முருகன். அவன் வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த காப்புக் கயிறு. பின்னாலேயே கேப்பைக் கூழ்ச் சட்டியோடு இமானுவேல் வந்தான். அவன் ரெண்டு மணிக்கட்டும் வெறுமையாக இருந்தன.

முஹைதீன் குனிந்து மெல்லச் சொன்னான். "மேடம், கணக்கு ஒரு ஆள் தள்ளிப் போச்சு."

"வாய மூடு," என்றாள் அமுதவள்ளி. ஆனால் அவள் கண் அந்தக் கயிற்றிலேயே நின்றது. பிறகு முஹைதீனின் கழுத்துப் பக்கம் போயிற்று. பிறகு மறுபடி கயிற்றுக்கு வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் தம்பி, 'கயித்த அறு' எழுதுனது நீதான?"

அருள்முருகன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். டீக்கடைப் படத்தில் இருந்த அதே நிலை.

"எப்படிக் கட்டுனாக? மிரட்டியா?"

"மிரட்டறதாவது!" முருகம்மாளுக்குக் கோபம் வந்தது. "அவனா வந்து வரிசையில நின்னான். அவனாக் கைய நீட்டுனான். எங்க வீட்டுக்காரரு, பாவம், ஏதோ நேத்திக்கடன்னு நெனச்சுக் கட்டிப்புட்டாரு."

"ஏன்ப்பா நீட்டுன?"

அருள்முருகன் தரையைப் பார்த்தான். "கீழக்கரைக்குப் போற வழியில மேளச் சத்தம் கேட்டுச்சு. புது தாளமா இருந்துச்சு. இறங்கிப் போனேன். வாசல்ல வரிசை. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒருத்தர் கட்டிக்கிட்டு இருந்தாரு. எங்க கச்சேரிக்கெல்லாம் வாசல்ல கையில பட்டை கட்டித்தான உள்ள விடுவாங்க? அது மாதிரி டிக்கெட்டுனு நெனச்சுட்டேங்க."

இமானுவேல் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "கட்டி முடிச்சதும் 'மேடைக்குப் பின்னாடி போக விடுவீங்களா'ன்னு வேற கேட்டான்க்கா!"

"சிரிக்காத மச்சான்."

"அத்துப் போட்டுட்டுப் போயிருக்கலாமே?" என்று கேட்டான் முஹைதீன். அவன் குரலில் ஒரு ரசிகனின் துயரம் இருந்தது. "நீங்க எழுதுன பாட்டுத்தானே சார்?"

அருள்முருகன் கையை முன்னால் கொண்டுவந்து கயிற்றைத் தடவினான். "அன்னிக்கே அறுக்கத்தான் போனேன். அதுக்குள்ள முருகம்மாக்கா ஒரு ஓட்டுல பயறு விதைச்சு என் பேர்ல முளைப்பாரி போட்டுட்டாங்க. இருட்டு அறையில இருக்கு, நாம பாக்கக் கூடாது. மறுநாள் அக்கா வந்து, 'ஏலே, ஊருலயே ஒன் முளைதான் முன்னாடி கண்ணு முழிச்சிருக்கு'ன்னாங்க. அதுக்கப்புறம்... இப்ப எவ்வளவு வளந்திருக்குன்னு தெரியாம எப்படிங்க போறது?"

"எதுத்த வீட்டு முளைய விட ஒரு விரக்கடை ஒசரம்," என்றாள் முருகம்மாள்.

அவன் முகம் பூரித்துப்போனது. சபை முழுக்கக் கைதட்டியபோதுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை முஹைதீன் பார்த்ததில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அமுதவள்ளி. "ஆனா நீங்க வாயத் தெறக்காததுக்கு வேற ஒரு ஆளு பதில் சொல்லிக்கிட்டுத் திரியிது." பின்னால் ஒதுங்கி நின்ற பிரெசில்லாவை முன்னால் இழுத்துவிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

இமானுவேலின் சிரிப்பு நின்றது. "என்ன வீடியோ? நாங்க போனத் தொடவே இல்லயே." முஹைதீன் போட்டுக் காட்டினான். பார்த்து முடித்துவிட்டு இமானுவேல் தலையைச் சொறிந்தான். "சுதி மட்டுமா போச்சு? ரெண்டாவது வரியையும் முழுங்கியிருக்கேன். கண்ணு வீங்குனதுகூட அன்னிக்கு ராத்திரி தூக்கமில்லாமத்தான். இதுக்குப் போயா இந்தப் பிள்ளைய...? சரி, ஒண்ணு செய்வோம். எனக்குக் காய்ச்சல்னு சொல்லிருவோம். இவளும் தப்பிச்சா, இவன் மானமும் தப்பிச்சது."

பிரெசில்லாவின் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது.

"முஹைதீனு, ஒன் தங்கச்சிக்குப் போனப் போடு," என்றாள் அமுதவள்ளி.

தஸ்னீம்தான் கீழக்கரைக் குரூப்புக்குத் தலைவி. பிரெசில்லாவை மேடையேற்றியே தீருவது என்று நிற்பவளும் அவள்தான். அண்ணனைக் 'காக்கா' என்று கூப்பிடும் அவள் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"என்ன காக்கா? திடலுக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கேன்."

"சும்மா கேக்குறேன். இமானுவேலுக்குக் காய்ச்சல்னு வச்சுக்க..."

"காய்ச்சலா! யா அல்லா! எல்லாம் அந்த பிரெசில்லா சொன்ன சொல்லுல வந்த காய்ச்சல்!"

"வயித்துவலின்னு வச்சுக்க."

"அதுவும் அவளாலதான்! கவலையில சாப்பிட்டிருக்க மாட்டாரு!"

முஹைதீன் போனை அணைத்தான். பிரெசில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல மேடம், நான் போயி மேடையில சொல்லிர்றேன். இவுக சாமி காரியம் நல்லபடியா முடியட்டும்," என்று எல்லைப் பக்கம் திரும்பினாள்.

"இருங்க," என்றான் அருள்முருகன்.

அவன் முருகம்மாளிடம் போனான். "அக்கா, நான் இங்க இருக்கேன்னு வெளிய சொன்னா முளைக்கு ஏதாச்சும் ஆகுமா?"

"சனம் கூடும். சனம் கூடுனா குலவை கூடும். குலவை கேட்டு வாடுன முளை உண்டாக்கும்?"

அவன் போனை உயிர்ப்பித்தான். நேரலையை அமுக்கினான். காப்புக் கட்டிய கையைக் கேமராவுக்கு நேரே நீட்டினான்.

"எல்லாருக்கும் வணக்கம். 'கயித்த அறு' எழுதினவன் பேசறேன். இது கயிறு. கட்டினது என் கை. டிக்கெட்டுனு நெனச்சுக் கட்டிக்கிட்டேன். எப்ப வேணா அறுக்கலாம், அறுக்க மாட்டேன். முளைப்பாரி வளந்துக்கிட்டு இருக்கு. கரைச்சதும் எல்லா ஊருக்கும் வருவோம். இதுல பிரெசில்லாவுக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. இப்ப சிரிச்சுக்குங்க."

இமானுவேல் போனைப் பிடுங்கினான். "பரமக்குடியில சுதி போனது நெசம். அந்தப் பிள்ளை காதுல கோளாறு இல்ல, என் தொண்டையிலதான்."

சிரித்தார்கள். கரை முழுக்கச் சிரித்தார்கள். அருள்முருகனின் மணிக்கட்டுக்குக் கீழே டிக்கெட் விலை எழுதிய படங்கள், அவர்கள் எல்லையைத் தாண்டித் திரும்புவதற்கு முன்பே குரூப் குரூப்பாகப் பறந்தன. ராமநாதபுரம் திடலில் கூடியவர்கள் மேடையை அப்படியே விட்டுவிட்டுச் சிக்கல் பஸ்ஸுக்கு ஓடியதாகச் செய்தி வந்தது. முஹைதீன் தன் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினான். யோசித்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

பிரெசில்லாவின் போன் அடித்தது. பாடற்குழுப் பிள்ளைகள். "அக்கா... ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வரணும்?" என்று ஒரு குரல். பின்னால் நாலைந்து விசும்பல்கள். அவள் மணியைச் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அடுத்து தஸ்னீம்.

"அக்கா, மன்னிச்சிருங்க. அந்தப் பரமக்குடி வீடியோவ எல்லாக் குரூப்புலயும் அழிச்சிரச் சொல்லிட்டேன்."

"அழிக்காத தஸ்னீம். அதுல பொய் ஒண்ணும் இல்ல."

முருகம்மாள் பெண்களை மறுபடி வட்டமாக நிறுத்தினாள். கொட்டு தொடங்கியது. ரெண்டு தட்டு, ஒரு விக்கல், ஓட்டம். பாட்டு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்று முருகம்மாள் அதட்ட, இமானுவேல் மாரியம்மன் பாட்டை எடுத்தான். முதலடி நன்றாக வந்தது. ரெண்டாவது அடியில் மேலே போகும்போது அவன் பார்வை கூட்டத்தில் பிரெசில்லாவைத் தேடியது.

அவள் ஒரு விரலை மெல்ல உயர்த்திக் காட்டினாள், இன்னும் கொஞ்சம் மேல என்று.

அவன் ஏறினான்.